குழாய்க்குள் கேமராவை விடுவதற்கு முன்

எங்கள் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் வடிய மறுத்த நாளில், வந்து பார்த்த பிளம்பர் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தார். பிறகு, “டைல்ஸை உடைத்துத்தான் பார்க்க வேண்டும் சார்” என்றார். என்னிடம் ஒரு யூஎஸ்பி கேமரா இருந்தது. நீளமான ஒயரின் நுனியில் பென்சில் தடிமனில் ஒரு தலை, அதைச் சுற்றி ஆறு சின்ன எல்இடி விளக்குகள். ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கியது. பெருமையோடு அதை எடுத்து வந்து, வீட்டுக்கு வெளியே கழிவுநீர்ச் சேம்பர் மூடியைத் திறந்து, அங்கிருந்து உள்நோக்கிக் குழாய்க்குள் செலுத்தினேன். சற்று நேரத்தில் செல்போன் திரையில் கரடுமுரடாகச் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. படத்தின் மேல்பகுதியிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

“மேலேயிருந்து குழாய் அமுங்கியிருக்கிறது” என்று நான் தீர்ப்புச் சொன்னேன். பிளம்பர் கேட்டார்: “எத்தனை அடி உள்ளே சார்?” எனக்குத் தெரியவில்லை. “படத்தில் மேலே இருப்பது நிஜமாகவே மேலேதானா?” அதுவும் தெரியவில்லை.

அன்று தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை. இவ்வகைக் கேமராவை வாங்குகிறவர்கள் எல்லோரும் படத் தெளிவைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். தெளிவு பெரும்பாலும் போதுமான அளவுக்கு இருக்கிறது. நுனி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் தெரிவதில்லை. அதைச் சரிசெய்யத் தேவையான பொருள்கள் அநேகமாக உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன.

வாங்கும்போது

தலையின் விட்டம் 5.5, 7, 8 மில்லிமீட்டர் என மூன்று அளவுகளில் பரவலாகக் கிடைக்கிறது. வாகன எஞ்சினுக்குள் பார்க்கும் எண்ணம் இருந்தால் 5.5 வாங்குங்கள். வீட்டுக் குழாய், அலமாரிச் சந்து, ஃபால்ஸ் சீலிங் மட்டும் என்றால் 7 அல்லது 8 போதும். தலை பெரிதானால் கைவேலை செய்யவும் வசதி.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் மெகாபிக்சல் கணக்கை நம்ப வேண்டாம். மலிவான பலவற்றில் உள்ளே இருப்பது 640 × 480 சென்சார்தான். அதாவது சுமார் 3 லட்சம் புள்ளிகள். கொஞ்சம் நல்லதில் 1280 × 720, அதாவது சுமார் 9.2 லட்சம் புள்ளிகள். அதற்குமேல் சொல்லப்படுவது, சிறிய படத்தை மென்பொருள் இழுத்துப் பெரிதாக்கிய கணக்காக இருக்க வாய்ப்பு அதிகம். அடைத்த குழாயைப் பார்க்க 3 லட்சமே போதும் என்பது என் அனுபவம்.

ஒயர் நீளத்தில் பேராசை வேண்டாம். யூஎஸ்பி 2.0 தரத்தில் சாதாரண ஒயருக்கு 5 மீட்டர்தான் எல்லை. 10 மீட்டர் என்று விற்கிறார்கள். அதில் படம் விட்டுவிட்டு வருவதும் விளக்கு மங்குவதும் சகஜம். வீட்டுக்கு 3 முதல் 5 மீட்டர் சரியாக இருக்கும். வைஃபை கேமராக்களும் உண்டு. பேட்டரி, தனிச் செயலி, நடுவில் அறுந்துபோகும் இணைப்பு என்று அதற்கு வேறு தொல்லைகள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அதைச் சொல்வேன், ஏனென்றால் சாதாரண யூஎஸ்பி கேமராவை ஐபோன் ஏற்பதில்லை.

உயிர்ப்பிப்பது

இந்தக் கேமராக்களில் பெரும்பாலானவை யூவிசி என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றுகின்றன. 2003இல் வந்த தரம் இது. வெப்கேமராவும் இதே மொழிதான் பேசுகிறது. அதனால் தனி டிரைவர் வேண்டாம். பெட்டிக்குள் வரும் சீட்டிலுள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து முன்பின் தெரியாத செயலியை இறக்கவும் வேண்டாம். விண்டோஸில் அதோடு வரும் கேமரா செயலியைத் திறந்து, கேமராவை மாற்றும் பொத்தானை அழுத்தினால் படம் வந்துவிடும். மேக்கில் குவிக்டைம் பிளேயரில் புதிய வீடியோப் பதிவைத் தொடங்கி, பதிவுப் பொத்தானுக்குப் பக்கத்திலுள்ள சிறு அம்புக்குறியில் கேமராவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லினக்ஸில் விஎல்சி போதும்.

ஆண்ட்ராய்டு போனில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஒப்போ, விவோ, ரியல்மி போன்ற சில போன்களில் அமைப்புகளுக்குள் போய், போனில் வெளிக் கருவிகளைச் செருகிப் பயன்படுத்த உதவும் ஓடிஜி என்பதை நாமாக இயக்க வேண்டும். சிலவற்றில் பத்து நிமிடம் எதுவும் செருகாமல் விட்டால் அது தானாகவே அணைந்துவிடும். கேமரா கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புகிறவர்களில் பலர் இதில் சிக்கியவர்களாகத்தான் இருப்பார்கள். இன்னொன்று: யூஎஸ்பி கேமரா செயலி அனுமதி கேட்கும்போது, யூஎஸ்பிக்கு மட்டுமல்லாமல் போனின் கேமராவுக்கும் அனுமதி கொடுக்க வேண்டும். வெளிக் கேமராவுக்கு உள்கேமரா அனுமதி எதற்கு என்று மறுத்தால், கறுப்புத் திரைதான் மிஞ்சும்.

கணினியில் படம் தத்தித் தத்தி வந்தால் பட வடிவத்தைப் பாருங்கள். 1280 × 720 படத்தைச் சுருக்காமல் நொடிக்கு 30 முறை அனுப்பினால் 44 கோடி பிட்டுகள் ஆகின்றன. யூஎஸ்பி 2.0இன் மொத்தக் கொள்ளளவே ஏட்டளவில் 48 கோடி. அதனால் கேமரா தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஓபிஎஸ் போன்ற வீடியோப் பதிவு மென்பொருளில், படத்தைச் சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் படம் சீராக ஓடும்.

வரி விளம்பரப் பரிசோதனை

படம் வந்ததும் குழாயைத் தேடி ஓடாதீர்கள். நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தை மேசைமேல் விரித்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள். கேமராத் தலையை 1 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கி மெல்ல மேலே தூக்குங்கள். முதலில் வெறும் மூட்டம். என்னுடையதில் 3 சென்டிமீட்டரில் எழுத்துகள் கூடி வந்தன, 5இல் கச்சிதமாக நின்றன, 9ஐத் தாண்டியதும் மறுபடி கரைந்தன. இந்த லென்ஸ் நிலையானது, தானாகக் குவியாது. உங்கள் கேமராவின் எல்லையை ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒயரில் ஒட்டிவிடுங்கள். குழாய்க்குள் மங்கலாகத் தெரியும்போது இன்னும் உள்ளே தள்ள வேண்டுமா, பின்னால் இழுக்க வேண்டுமா என்று அந்தத் துண்டுத்தாள்தான் சொல்லும்.

ஒயரில் அடையாளம்

முதல் திருத்தம் இதுதான், செலவே இல்லாதது. தலையின் நுனியிலிருந்து அளந்து, 10 சென்டிமீட்டருக்கு ஒரு முறை ஒயரில் நகப்பூச்சால் ஒரு வளையம் போடுங்கள். 50க்கு இரண்டு வளையம், ஒவ்வொரு மீட்டருக்கும் வேறு நிறத்தில் இன்சுலேஷன் டேப். நகப்பூச்சு நன்றாகக் காயட்டும். நான் அவசரப்பட்டுச் சுருட்டி வைத்ததில் இரண்டு வளையங்கள் ஒட்டிக்கொண்டு உரிந்தன.

மேல் எது, கீழ் எது

குழாய்க்குள் போகும்போது ஒயர் முறுக்கிக்கொள்கிறது. தலை எந்தக் கோணத்தில் உருண்டு கிடக்கிறது என்று படத்தைப் பார்த்து அறிய வழியில்லை. தண்ணீர் தேங்கியிருந்தால் அதன் மட்டம் காட்டிக்கொடுக்கும். காய்ந்த குழாயில் அதுவும் இல்லை. எங்கள் வீட்டில் அடைப்புக்கு மறுபக்கத்திலிருந்து போனதால் குழாய் காய்ந்து கிடந்தது, ஏமாந்தேன்.

இதற்கு ஒரு தூக்குக்குண்டு செய்துகொள்ளலாம். கொத்தனார் சுவர் எழுப்பும்போது தொங்கவிடுவாரே, அதே தத்துவம்தான். பழைய டெலிபோன் ஒயருக்குள் இருக்கும் ஒற்றைச் செம்புக் கம்பியில் 6 சென்டிமீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு முனையைக் கேமராத் தலையின் பக்கவாட்டில் வைத்து நூலால் இறுகச் சுற்றிக் கட்டுங்கள். மறுமுனை தலைக்கு முன்னால் நான்கு சென்டிமீட்டர் நீண்டு, படத்தின் நடுப்புள்ளிக்கு வரும்படி வளையுங்கள். நுனியைச் சின்னக் கொக்கியாக மடித்து, அதில் ஒரு சென்டிமீட்டர் நைலான் நூலில் ஒரு பாசிமணியைத் தொங்கவிடுங்கள். பருத்தி நூல் நனைந்தால் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும், நைலான் ஒட்டாது. தலை எப்படி உருண்டாலும் மணி கீழ்நோக்கித்தான் தொங்கும்.

முதல் முறை மேசையில் வைத்துச் சோதித்தபோது, தலையைக் கையில் பிடித்து மெல்ல உருட்டினேன். திரையில் அறை முழுவதும் சுழன்றது. மணி மட்டும் கடிகார முள் மாதிரி நகர்ந்து நகர்ந்து தரையையே காட்டிக்கொண்டிருந்தது. சின்ன வேலைதான், ஆனால் அன்று மாலை முழுவதும் அதையே உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு திருத்தங்களையும் செய்து மறுநாள் சேம்பரிலிருந்து மீண்டும் விட்டோம். மீட்டர் டேப்புக்குப் பிறகு நான்கு வளையம்: 1.40 மீட்டர். மணி, அந்தக் கரடுமுரடான பொருளை நோக்கித்தான் தொங்கியது. அதாவது அது கூரையில் இல்லை, தரையில் உட்கார்ந்திருந்தது. குழாய் அமுங்கவில்லை. டைல்ஸ் பதித்த காலத்தில் உள்ளே விழுந்து இறுகிப்போன சிமெண்ட் கலவைக் கட்டி அது. அதைச் சுற்றித் தலைமுடி சடைபிடித்திருந்தது. பிளம்பர் சேம்பர் வழியாகவே நீண்ட கம்பியால் அதைக் கொத்தி எடுத்தார். டைல்ஸ் ஒன்றுகூட உடையவில்லை.

விறைப்பும் வளைவும்

இந்த ஒயர் தொளதொளவென்று இருக்கும். ஒரு மீட்டருக்கு மேல் தள்ளினால் உள்ளே சுருண்டு மடங்கும். முதல் ஒரு மீட்டருக்குக் கூடவே ஒரு கட்டுக்கம்பியை வைத்து, ஒவ்வொரு சாணுக்கும் டேப்பால் சுற்றிக் கட்டுங்கள். கம்பியின் நுனி தலைக்கு ஒரு விரற்கடை பின்னாலேயே முடியட்டும். அந்த நுனியை மடித்து டேப் சுற்றாவிட்டால் அதுவே குழாயில் குத்திக்கொள்ளும். அலமாரிக்குப் பின்னால், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் என்று பார்ப்பதற்கு, கம்பி எப்படி வளைத்தாலும் அப்படியே நிற்பது பெரிய வசதி.

நேரான நீளக் குழாய்க்கு இன்னொரு வழி, ஆர்ஓ சுத்திகரிப்புக் கருவிக்குப் பயன்படும் கால் அங்குல வெள்ளைக் குழாய். அதை நீளவாக்கில் கத்தியால் கீறித் திறந்து, ஒயரின்மேல் உறைபோல மாட்டிவிடலாம். ஒயர் தள்ளத் தள்ளப் போகும். ஆனால் 90 டிகிரி எல்போ வந்தால் அது மல்லுக்கட்டும். பொதுவாகவே ஒரு எல்போவைத் தாண்டலாம். இரண்டாவதில் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள். தள்ளும்போது போய்விடும், இழுக்கும்போது தலையின் விளிம்பு இணைப்பில் மாட்டிக்கொள்ளும். ஒயரைவிடத் தலையோடு அது சேருமிடம் பலவீனமானது.

பெரிய குழாயில் தலை தரையில் உரசிக்கொண்டு போனால் சகதிதான் தெரியும். தலைக்குச் சற்றுப் பின்னால் நான்கு கேபிள் டைகளை நான்கு திசையில் வால் நீட்டும்படி கட்டுங்கள். வால்களை வெட்ட வேண்டாம், குழாயின் அரைவிட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக விட்டுவிடுங்கள். சிலந்திக் கால்போல வளைந்து, தலையைக் குழாயின் நடுவில் தூக்கிப் பிடிக்கும்.

வெளிச்சமும் மூட்டமும்

ஒயரின் நடுவில், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் விளக்கு உருளை ஒன்று இருக்கும். எல்லோரும் அதை முழுவதும் திருப்பிவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். வெள்ளை பிவிசி குழாயில் அது தவறு. ஆறு விளக்கின் ஒளியும் சுவரில் பட்டுத் திரும்பி, படத்தைச் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆக்கிவிடும். கால் பங்கு வெளிச்சத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய இரும்புக் குழாய், எஞ்சின் போன்ற கறுத்த இடங்களுக்கு முழு வெளிச்சமும் வேண்டும். பளபளக்கும் உலோகத்தில் ஆறு வெள்ளைப் புள்ளிகள் மட்டும் தெரிந்தால், பட்டர் பேப்பரில் நடுவில் ஓட்டையிட்ட ஒரு சின்ன வட்டத்தை விளக்குகளின்மேல் ஒட்டுங்கள்.

ஈரக் குழாய்க்குள் போனதும் கண்ணாடி மூடுபனி பிடிக்கும். உள்ளே விடுவதற்கு முன் இரண்டு நிமிடம் விளக்கை முழுதாக எரியவிட்டுத் தலையைச் சூடேற்றுங்கள். கூடவே ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தை நீர்த்துத் தடவி, மென்துணியால் லேசாகத் துடைத்தால் இன்னும் நல்லது. கலங்கல் தண்ணீருக்குள் எந்தக் கேமராவும் பார்க்காது. ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றி, அது தெளியும்வரை காத்திருங்கள்.

நீர்புகாத் தன்மை பற்றிப் பெட்டியில் போட்டிருப்பது தலைக்கு மட்டும்தான். நடுவிலுள்ள விளக்கு உருளை நனைந்தால் கேமரா போய்விடும்.

எஞ்சினுக்குள் பார்ப்பதானால்

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், சாவி எடுத்திருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவதற்கு முன் அதைச் சுற்றியுள்ள மணலையும் தூசியையும் காற்றடித்து அகற்றுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் உள்ளே விழும். கார்களில் பிளக் மரை பெரும்பாலும் 14 அல்லது 12 மில்லிமீட்டர். நம் ஊர் 100 சிசி பைக்குகள் பலவற்றில் 10 மில்லிமீட்டர்தான், மரையின் உள்விட்டம் இன்னும் குறைவு. 8 மில்லிமீட்டர் தலையை அங்கே திணிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றியபின் சற்று நேரம் காற்றாட விடுங்கள். பைக்கை டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் பிஸ்டன் கீழே இறங்கும். பிறகு சிலிண்டர் சுவர் தெரியும். பிஸ்டன் தலையில் கறுப்புக் கரி இருப்பது இயல்பு. சுவரில் மேலிருந்து கீழாக ஆழமான கீறல் கோடுகள் தெரிந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கேமரா உள்ளே இருக்கும்போது சக்கரத்தைத் தொடாதீர்கள்.

பெட்டியில் கொக்கி, காந்தம், பக்கவாட்டுக் கண்ணாடி என்று மூன்று உதிரிகள் வரும். அவற்றை எஞ்சினுக்குள் கொண்டுபோகவே கூடாது. அவை வெறும் பிடிப்பில் நிற்பவை. சமையலறைத் தொட்டிக் குழாய்க்குள் விழுந்த திருகாணியை எடுக்கப் போய், காந்தத்தையும் உள்ளே விட்டுவிட்டு வந்தவன் நான். அது குழாய், கழற்றி எடுத்துவிட்டேன். சிலிண்டரில் விழுந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டியிருக்கும். மற்ற இடங்களில் உதிரியை மாட்டும்போது ஒரு சுற்று டேப் போடுங்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்; மோதிரத்துக்குக் கொக்கிதான். பக்கவாட்டுக் கண்ணாடி போட்டால் படம் இடவலம் மாறித் தெரியும். கையை எதிர்ப்பக்கம் அசைத்துப் பழக வேண்டும்.

பெட்ரோல் டேங்குக்குள் இதை விடாதீர்கள். மெயின் சுவிட்சை அணைக்காமல் மின்பெட்டிக்குள்ளும் விடாதீர்கள். தலை உலோகம், மறுமுனை உங்கள் கையிலிருக்கும் போன். காதுக்குள் பார்க்கவும் இது வேண்டாம். விளக்குச் சூட்டில் தலை கையால் தொட்டாலே சுடும்.

லென்ஸைத் திருப்பி மைக்ராஸ்கோப் ஆக்குவது

சர்க்யூட் போர்டில் பற்றவைத்த இடத்தைப் பார்க்க, பழைய நாணயத்தின் ஆண்டைப் படிக்க ஒரு மேசைக் கேமரா வேண்டுமென்றால், பழசான ஒன்றை இதற்குப் பலி கொடுக்கலாம். இதைச் செய்தபின் அது தண்ணீருக்கு ஆகாது, தூரத்துப் பொருளும் தெரியாது.

முன்கண்ணாடி பசையால் ஒட்டப்பட்டிருக்கும். ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் சூடாக்கி, முன்வளையத்தை ரப்பர் துணியால் பிடித்துத் திருகுங்கள். வராவிட்டால் மறுபடி சூடு, அவசரம் கூடாது. உள்ளே மரையிட்ட சின்ன லென்ஸ் குழல் தெரியும். அதன் விளிம்பில் உறைந்திருக்கும் பசைத் துளியை ஊசிமுனையால் சுரண்டி எடுங்கள். கேமராவை இயக்கத்தில் வைத்து, திரையைப் பார்த்துக்கொண்டே, கூர்மையான சாமணத்தால் குழலை இடப்புறமாகக் கால் சுற்று திருப்புங்கள். லென்ஸ் சென்சாரைவிட்டு விலக விலக, தெளிவாகத் தெரியும் தூரம் குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் அதே வரி விளம்பரத் தாளில் சோதியுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு வந்ததும் நிறுத்திவிடலாம். அதற்கும் நெருங்கினால் தலையின் நிழலே பொருளை மறைக்கும், பற்றவைக்க இடமும் இருக்காது. கண்ணாடியை மீண்டும் பொருத்தும் முன் ஊதித் தூசி போக்குங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், ரப்பர் ஊதுபந்து நல்லது.

பழைய மேசைவிளக்கின் வளையும் கழுத்தில் தலையைக் கட்டிவிட்டால் தாங்கி தயார். உயரத்தை மாற்றாமல், முதலில் ஸ்கேலின் மில்லிமீட்டர் கோடுகளை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எடுக்கும் படங்களில் எதையும் அதோடு ஒப்பிட்டு அளக்கலாம்.

ஒயர் அறுந்தால்

பெரும்பாலும் பிளக்கின் கழுத்தில்தான் அறும். படம் விட்டுவிட்டு வந்தால் அங்கே வளைத்துப் பாருங்கள். பழைய யூஎஸ்பி ஒயரிலிருந்து ஒரு பிளக்கை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். சிவப்பு 5 வோல்ட், கறுப்பு எர்த், பச்சையும் வெள்ளையும் தகவல் கம்பிகள். மலிவு ஒயர்களில் இந்த நிறம் சில சமயம் பொய் சொல்லும். அதனால் வெட்டிய பழைய பிளக்கின் முனைகளை மல்டிமீட்டரால் சோதித்த பிறகே பற்றவையுங்கள். சிவப்பும் கறுப்பும் மாறினால் கேமரா ஒரே நொடியில் போய்விடும். பச்சையும் வெள்ளையும் மாறினால் ஒன்றும் எரியாது, படம் மட்டும் வராது. இணைப்பை ஒரு விரற்கடைக்குள் முடித்து, ஒவ்வொன்றின்மேலும் சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் உறை போடுங்கள். முதல் சோதனைக்கு விலையுயர்ந்த லேப்டாப்பில் செருகாதீர்கள், பழைய போனோ கணினியோ போதும்.

வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீரால் தலையைத் துடைத்து நிழலில் காய வையுங்கள். தின்னர், பெட்ரோல் எதுவும் படக்கூடாது, முன்கண்ணாடி பிளாஸ்டிக்காக இருந்தால் பால்போல் வெளுத்துவிடும். ஒயரைச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் குறையாத வளையமாகச் சுற்றி ஆணியில் மாட்டுங்கள். பாசிமணிக் கம்பியைக் கழற்றித் தனியாக ஒரு தீப்பெட்டியில் போட்டு வையுங்கள். என்னுடைய முதல் மணியை என் பேத்தி கோர்த்துக்கொண்டு போய்விட்டாள்.